ஆவாரை நல்லா பூக்குது, தேனீ மட்டும் எட்டிப் பாக்க மாட்டேங்குது, ஏன்?

ரெண்டுசென்ட்:
வணக்கம் மக்களே. வீட்டுக்கு மேக்கால ஒரு துண்டு எடம் இருக்கு, நாலு எட்டு வச்சா முடிஞ்சுரும், மத்தியானத்துல இருந்து பொழுது சாயற வரைக்கும் வெயில் சுள்ளுனு அடிக்கும், மண்ணு முழுக்க சரளை. ரோஜா வச்சேன், கருகிருச்சு. செம்பருத்தி வச்சேன், மாவுப்பூச்சி தின்னுருச்சு. அப்புறம்தான் தண்ணி கேக்காத நம்ம மண்ணு செடியா வைப்போம், தேனீ பட்டாம்பூச்சிக்கும் ஆச்சுன்னு ஆவாரை மூணு கன்னு வச்சேன். இது ரெண்டாவது வருசம். இடுப்பு ஒசரம் வந்து மஞ்சமஞ்சேர்னு பூத்து நிக்குது, அதுல கொறை ஒண்ணுமில்ல. ஆனா தேனீ உக்கார மாட்டேங்குது. வருது, பூ முன்னாடி ஒரு சுத்து சுத்துது, நேரா பக்கத்து வீட்டு துளசிக்கு போயிருது. அந்த துளசி ஒடஞ்ச தொட்டில கேப்பாரத்து கெடக்கு, அதுல போய் மொய்க்குது, எனக்கு வயிறு எரியுது. காயும் சரியா பிடிக்கல, அவ்ளோ பூவுக்கு ரெண்டு மூணு காய் தேறுனா பெருசு. நான் என்ன தப்பு பண்றேன்? ரகம் மாறிப்போச்சா, இல்ல பூவுல தேனே இல்லையா?

வண்டுபாத்தவன்:
கடைசி கேள்விலயே பதில வச்சுட்டீங்க. ஆவாரம்பூவுல தேன் கெடையாது, ஒரு சொட்டு கூட. அது கொடுக்கறது மகரந்தம் மட்டும்தான். அதையும் சும்மா கொடுக்காது, பூட்டி வச்சிருக்கும்.

நாளைக்கு காலைல ஒரு பூவ பறிச்சு கைல வச்சு பாருங்க. அஞ்சு இதழ் தனித்தனியா இருக்கும், நடுவுல பத்து மகரந்தத் தாள். மேல இருக்கறது குட்டியா இருக்கும், கீழ இருக்கறது நீளமா வளஞ்சு நிக்கும். மத்த பூவுல மாதிரி அந்த தாள்ல இருக்கற மகரந்தப்பை நீளவாக்குல வெடிச்சு மாவு வெளிய கொட்டாது, நுனில மட்டும் ஊசி குத்துன மாதிரி சின்ன ஓட்டை இருக்கும். மூடியில ஓட்டை போட்ட பவுடர் டப்பானு வச்சுக்கோங்க, குலுக்குனாத்தான் வரும். அந்த குலுக்கல குடுக்கறது பெரிய கருவண்டு, மரத்துல துளை போடுமே பளபளன்னு கருநீலமா, வண்டுன்னு நாம சொன்னாலும் அது தேனீ சாதிதான். பூவ காலால கட்டிப்பிடிச்சு, றெக்கைய அசைக்காம, பறக்கற தசைய மட்டும் அதிர விடும். அப்ப ஒரு சத்தம் வரும், பறக்கும்போது வர்ற ரீங்காரத்த விட கொஞ்சம் கீச்சுனு இருக்கும், ஒரு நொடி வந்து நின்னுரும். அந்த அதிர்வுல மாவு புஸ்ஸுனு வயித்துல வந்து விழும். நீலவரித் தேனீன்னு சின்னதா ஒண்ணு இருக்கு, வயித்துல நீலப்பட்டை போட்டிருக்கும், அதுக்கும் இந்த வித்தை தெரியும். அடுக்குத்தேனீ, கொம்புத்தேனீ, மலைத்தேனீ மூணுக்கும் தெரியாது. அதனாலதான் சுத்திப் பாத்துட்டு துளசிக்கு போகுது, துளசில தேன் கைக்கு எட்டற மாதிரி இருக்கு. மேல விழுந்து சிந்துன மாவ பொறுக்க எப்பவாச்சும் வரும், அவ்ளோதான்.

அதனால உங்க மேல தப்பில்ல, நீங்க காத்திட்டு இருந்த ஆளுதான் தப்பு.

மாடிவாசி:
இது தெரியாம நானும் ஒரு வருசம் செடிய திட்டிட்டு இருந்தேன் 😄 கத்திரிக்கும் தக்காளிக்கும் இதே சங்கதிதான் போல? என் மாடில கத்திரி பூவெல்லாம் உதுந்துட்டே இருந்துச்சு.

வண்டுபாத்தவன்:
ஆமா அக்கா, கத்திரிப்பூவுலயும் மகரந்தப்பை நுனில ஓட்டைதான். தக்காளி காத்தாட்டத்துலயே ஓரளவு காய்ச்சிரும், ஆனா வண்டு வந்து அதிரவிட்டா காய் நல்லா பிடிக்கும். ஆவாரைக்கு வர்ற அதே வண்டு உங்க கத்திரிக்கும் வரும். ரெண்டையும் கிட்டக்கிட்ட வைங்க. பூ உதிர்றதுக்கு சூடு, தண்ணி கொறைச்சல்னு வேற காரணமும் இருக்கும், எல்லாத்தையும் வண்டு தலைல கட்டாதீங்க.

சும்மாவந்தேன்:
"ஆவாரை பூத்திருக்க சாவாரை கண்டதுண்டோ"

காட்டுக்காரன்:
எவனாச்சும் போடுவான்னு பாத்துட்டே இருந்தேன், அஞ்சாவது பதிவுலயே போட்டாச்சு.

தம்பி ரெண்டுசென்ட், எத்தன தடவ தண்ணி விடறீங்க? ஏன் கேக்கறேன்னா ரெண்டு வருசத்துல இடுப்பு ஒசரம்ங்கறது கம்மி. நெலத்துல தானா மொளைச்சது ஆள் ஒசரத்துக்கு மேல போய் நிக்கும். நாற்றா வாங்கி வச்சீங்களா வெத போட்டீங்களா?

ரெண்டுசென்ட்:
நாற்றுதான் அண்ணே, கருப்பு கவர்ல இருந்துச்சு, வேரு கவருக்குள்ளயே சுருண்டு கெடந்துச்சு. தண்ணி... தெனம் விடறேன். வெயில் அப்படி அடிக்குதே, மனசு கேக்கல. இன்னொண்ணும் சொல்லிடறேன், போன மாசம் எலையெல்லாம் ஓட்டை ஓட்டையா போச்சு, பாத்தா பச்சை புழு, எலைக் கலர்லயே ஒட்டிட்டு இருந்துச்சு. வேப்பெண்ணெய் சோப்பு கரைசல் அடிச்சேன், ரெண்டு நாள்ல காணாம போச்சு. அது இயற்கைதான, ஒண்ணும் ஆகாதுல்ல?

பச்சைப்புழு:
அடப்பாவி. பேருக்கேத்த மாதிரி நான்தான் வந்து அழணும் 😢

பட்டாம்பூச்சிக்காக செடி வச்சேன்னு சொல்லிட்டு பட்டாம்பூச்சியத்தான் மருந்தடிச்சு கொன்னிருக்கீங்க. ஆவாரை, தகரை, கொன்றை இந்த குடும்பத்துலதான் வெளிர்பச்சை கலந்த வெள்ளையா வேகமா பறக்குமே அந்த பட்டாம்பூச்சி முட்டை போடும், குட்டி மஞ்சள் பட்டாம்பூச்சியும் போடும். தளிர் எலையா பாத்து ஒண்ணு ஒண்ணா ஒட்டும், வெள்ளையா, நிக்க வச்ச அரிசி நொய் மாதிரி, கண்ண கிட்ட கொண்டு போனாத்தான் தெரியும். அதுல இருந்து வந்ததுதான் உங்க பச்சை புழு. எலைய தின்னும், நல்லா தின்னும், அப்புறம் கூட்டுப்புழுவாகி போயிரும், செடி மறுபடி துளிர்க்கும். ஆவாரைக்கு அது தூசு, ஆடு மேஞ்சா கூட திரும்ப வர்ற செடி. வேப்பெண்ணெய் இயற்கைதான், ஆனா எலைய தின்ற புழு எல்லாத்தையும் அது வளரவிடாம பண்ணும், உங்களுக்கு வேண்டிய புழு வேண்டாத புழுன்னு அதுக்கு பாக்கத் தெரியாது. காலைல பூ விரிஞ்சிருக்கறப்ப அடிச்சீங்கன்னா வர்ற வண்டு மேலயும் படும். இனிமே இந்த செடிக்கு எதையும் அடிக்காதீங்க, அவ்ளோதான் சொல்வேன்.

ரெண்டுசென்ட்:
சத்தியமா தெரியாது. பூச்சின்னா பறக்கறது, புழுன்னா தொல்லைன்னே மனசுல பதிஞ்சு போச்சு. இனி அடிக்கல.

காட்டுக்காரன்:
சரி விடுங்க, தெரியாம பண்ணுனது. தண்ணி விசயத்துக்கு வர்றேன், இங்கதான் எல்லாரும் கோட்டை விடறது.

தெனம் மேலாக்க தண்ணி தெளிச்சா வேரு மேலயே நின்னுக்கும், எதுக்கு கீழ போகணும்? ஆவாரை காட்டுல வேர ஆழத்துக்கு விட்டு அங்க இருக்கற ஈரத்துல பொழைக்கற செடி. உங்களது கவர்ல சுருண்ட வேரு, அதுக்கு மேல தெனம் தண்ணி, அப்புறம் எப்படி எறங்கும். மொத வருசம் வாரத்துக்கு ஒருக்கா, ஆழமா ஊறற மாதிரி விடணும். அப்புறம் பத்து நாளு பதினஞ்சு நாளுன்னு தள்ளிட்டே போகணும். ரெண்டாம் வருசம் கடும் கோடைல எலை துவண்டா மட்டும் ஒரு தடவ. சாயங்காலமும் துவண்டே இருந்தா விடுங்க, மத்தியானம் துவண்டத பாத்து பதறாதீங்க, நெறைய செடி அந்த நேரத்துல துவளும். இப்ப தெனம் குடிச்சு பழகிப்போனத டக்குனு நிறுத்தாதீங்க, ஒரு ரெண்டு மாசம் எடுத்து கொஞ்சம் கொஞ்சமா கொறைங்க. எருவும் போடாதீங்க. கொழுப்பேத்துனா எலையா தள்ளும், பூ கொறையும், காத்துக்கு சாயும்.

நான் கேட்டா வெதைதான் போடச் சொல்வேன். காஞ்ச காய் தட்டையா காகிதம் மாதிரி பழுப்பா இருக்கும், ஆட்டுனா கலகலங்கும், உள்ள பத்துக்கு மேல வெதை இருக்கும். தோல் கெட்டி, அப்படியே போட்டா ஒண்ணு மொளைக்கும், ஒம்பது தூங்கும். தண்ணிய கொதிக்க வச்சு எறக்கி, கொஞ்சம் ஆறவிட்டு, அதுல வெதைய போட்டு ராத்திரி பூரா விட்டுருங்க. காலைல எது ஊதி பெருசா இருக்கோ அத மட்டும் எடுத்து விதைங்க, ஊதாதத உப்புத்தாள்ல லேசா ஒரு தேய் தேய்ச்சு மறுபடி ஊறப்போடுங்க. அடுப்புல வச்சு வெதையோட கொதிக்க வச்சுராதீங்க, எங்க வீட்டுல ஒரு தடவ நானே அவிச்சிருக்கேன், சுண்டல் மாதிரி ஆயிருச்சு. வடகிழக்கு மழை பிடிக்கறதுக்கு முன்னாடி, புரட்டாசி கடைசில, எங்க நிக்கணுமோ அங்கயே நேரா போட்டுருங்க. மழையே வளத்துரும்.

மாடிவாசி:
தொட்டில வருமா அண்ணே?

காட்டுக்காரன்:
வரும், ஆனா அதோட குணம் தெரியாது. பெரிய டிரம்முல, அடில நல்லா ஓட்டை போட்டு, பாதிக்கு பாதி மணலும் சரளையும் கலந்து வச்சா முட்டி ஒசரத்துல பூக்கும். தொட்டில இருக்கறது வறட்சி தாங்கற செடின்னு நம்பி ஊருக்கு போயிராதீங்க, தொட்டி மண்ணுல ஆழம் ஏது. மாடிக்கு தும்பை போடுங்கக்கா, அதான் சரி.

பழையபேரு:
ஒரு சந்தேகம். நான் நாலு வருசமா ஆவாரைன்னு ஒண்ண வளக்கறேன், நர்சரில அந்த பேர் சொல்லித்தான் குடுத்தாங்க. பூ மஞ்சள்தான், ஆனா நீங்க சொல்ற அஞ்சு தனி இதழ் இல்ல, குழாய் மாதிரி, ஊதுகொழல் மாதிரி இருக்கு. எலை ஓரம் ரம்பம் மாதிரி வெட்டு வெட்டா.

வண்டுபாத்தவன்:
அது சொர்ணபட்டி, அமெரிக்கா பக்கத்து செடி. மஞ்சளா பூத்தா ஆவாரைன்னு எழுதி ஒட்டிடறாங்க. ஒரே நிமிசத்துல கண்டுபிடிக்க வழி இருக்கு, எலைக்காம்பு தண்டுல சேர்ற எடத்த பாருங்க, நெஜ ஆவாரைன்னா ரெண்டு பக்கமும் காது மடல் மாதிரி அகலமா பச்சையா ஒரு செதில் ஒட்டிட்டு இருக்கும், உதிராது. வேற பிரமாதமான அடையாளமே வேண்டாம். ஆவாரையோட தாவரவியல் பேரு சென்னா ஆரிகுலேட்டா, அந்த ரெண்டாவது வார்த்தைக்கே காதுள்ளதுன்னுதான் அர்த்தம். முன்ன காசியான்னு சொல்லிட்டு இருந்தாங்க, பழைய பொஸ்தகத்துல அந்த பேர்ல இருக்கும். காது இல்லன்னா ஆவாரை இல்ல.

பழையபேரு:
காது இல்ல 😭 நாலு வருசம்.

சும்மாவந்தேன்:
இருக்கட்டும் விடுங்க, எந்த பூவா இருந்தா என்ன, பூச்சி வந்தா சரி. காஸ்மாஸ் போடுங்க, ஜீனியா போடுங்க, ரெண்டு மாசத்துல பூக்கும், தேனீ மொய்க்கும். நம்ம மண்ணு அவங்க மண்ணுன்னு பூவுக்கு என்ன பாஸ்போர்ட்டா இருக்கு?

பச்சைப்புழு:
பாதி ஒத்துக்கறேன். கிணத்தடிப்பூண்டு, அதான் வெட்டுக்காயத்துக்கு கசக்கி வைப்போமே, அதுவே மத்திய அமெரிக்காவுல இருந்து வந்ததுதான். ஆனா கரட்டுல பாதி பட்டாம்பூச்சிக்கு அதுதான் கஞ்சித்தொட்டி, நான் பிடுங்கறதில்ல. நித்யகல்யாணி மடகாஸ்கர். எல்லாத்தையும் வெட்டி வீசச் சொல்லல. ஆனா தேன் குடிக்கறது வளந்த பட்டாம்பூச்சியோட வேல, அது எந்த ஊரு பூவுலயும் குடிக்கும். புழு அப்படி இல்ல. வெந்தய வரியன் பட்டாம்பூச்சியோட புழுவுக்கு எருக்கு மாதிரி பால் வடியற செடிதான் வேணும், காஸ்மாஸ் எலைய கிட்ட கொண்டு போனா பட்டினி கெடந்து சாகும், தின்னாது. ஆவாரையும் அப்படித்தான் அந்த வெள்ளை பட்டாம்பூச்சிக்கு. பாஸ்போர்ட் கேக்கறது நான் இல்ல சார், புழு கேக்குது.

அப்புறம் உண்ணிச்செடிய மட்டும் தயவு செஞ்சு யாரும் வைக்காதீங்க. பட்டாம்பூச்சி வரும்தான், பழத்த குருவி தின்னு காடு பூரா கொண்டு போய் போட்டுரும், காடு அதுனால பட்டது போதும்.

சும்மாவந்தேன்:
சரிங்க ஆபீசர் 🙏 காஸ்மாஸ் என் வீட்ல இருக்கட்டும்.

வண்டுபாத்தவன்:
ஒண்ணு விட்டுப்போச்சு. கருவண்டுக்கும் தேன் வேணும், மாவ மட்டும் தின்னு பறக்க முடியாது. சுத்தி எங்கயும் தேன் பூ இல்லன்னா ஆவாரைக்காக மட்டும் அவ்ளோ தூரம் வராது. ரெண்டுசென்ட் எடத்துல அது ஒண்ணுதான நிக்குது? கூட என்ன வைக்கலாம்னா, கிலுகிலுப்பை வைங்க. மஞ்சப்பூ, அவரைப்பூ மாதிரி இருக்கும், காஞ்ச காய ஆட்டுனா கிலுகிலுக்கும். வண்டு வந்து பூ மேல உக்காந்து அழுத்துனா கீழ படகு மாதிரி இருக்கற இதழோட நுனில இருந்து பல்லு வெளக்கற பேஸ்ட் பிதுங்கற மாதிரி மகரந்தம் வெளிய வரும், உக்காந்து பாத்தா நேரம் போறதே தெரியாது. இன்னொரு வேடிக்கை, அந்த செடி வாடுனதும் ஆண் வரியன் பட்டாம்பூச்சியா வந்து எலையையும் தண்டையும் சொரண்டும். அதுல இருக்கற ஒரு நச்சுப்பொருள எடுத்துத்தான் அது பொட்டைய மயக்கற வாசனைய தயாரிக்குது. அதனால வாடுனாலும் உடனே பிடுங்காதீங்க. ஆடு மாடு இருக்கற வீடுன்னா வேண்டாம், தின்னா விஷம்.

கொழிஞ்சி போடலாம், ஊதா பூ, எவ்ளோ காய்ஞ்சாலும் தாங்கும், மண்ணுக்கு தழைச்சத்தும் சேக்கும். ஆவாரையும் அவரைக் குடும்பம்தான், ஆனா அதுக்கு வேர்முடிச்சு கெடையாது, அதனால மண்ண வளமாக்கும்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. தும்பை மழைக்கு அப்புறம் தானா வரும், வெத தூவுனா போதும், அதுலதான் தேன், உங்க அடுக்குத்தேனீ அங்க வரும். தரையோட விஷ்ணுகிரந்தி, நீலமா பொட்டு பொட்டா. எருக்கு எடம் இருந்தா வைங்க, கருவண்டுக்கு ரொம்ப பிடிக்கும், பால் கண்ணுல படாம பாத்துக்கணும், கொழந்த இருக்கற வீட்டுல யோசிச்சு செய்ங்க.

மாடிவாசி:
கருவண்டு கொட்டாதா? என் பொண்ணு அலறறா, மொகத்துக்கு நேரா வந்து நிக்குதாம்.

வண்டுபாத்தவன்:
மொகத்துக்கு நேரா வந்து மெரட்டறது பெரும்பாலும் ஆணு, அதுக்கு கொடுக்கே கெடையாது, வெறும் சவுண்டு பார்ட்டி. பொட்டைக்கு இருக்கு, ஆனா கைல பிடிச்சு நசுக்குனாத்தான் கொட்டும். ஒரு விசயம், அது பட்டுப்போன மரம், மூங்கில், பழைய உத்தரத்துல துளை போட்டுத்தான் குஞ்சு பொரிக்கும். வண்டு வேணும்னா காஞ்ச கட்டை ஒண்ணு தோட்டத்துல கெடக்கணும். நீலவரித் தேனீக்கு வெறும் மண்ணு வேணும், ஓரமா ஒரு சாண் அகலம் சிமெண்டும் மூடாக்கும் போடாம விட்டு வைங்க. பூ மட்டும் வச்சா ஹோட்டல் மாதிரி, தங்க எடம் இல்லாம எவ்ளோ நாள் வரும்.

பழையபேரு:
ரெண்டுசென்ட், எலக்ட்ரிக் டூத்பிரஷ் இருந்தா பூவுக்கு பின்னாடி தண்டுல வச்சு ஆன் பண்ணி பாருங்க. தக்காளிக்கு நான் அப்படித்தான் பண்ணுவேன். ஆவாரைல பண்ண எனக்குத்தான் ஆவாரை இல்லையே.

ரெண்டுசென்ட்:
பண்ணிட்டேன்!!! கருப்பு சட்டைய கீழ விரிச்சு வச்சு பண்ணுனேன். பிரஷ் தண்ட தொட்டு ஒரு நொடி இருக்கும், நுனில இருந்து மஞ்சளா ஒரு பொகை மாதிரி வந்து சட்டைல படிஞ்சுது. விரலால தட்டிப் பாத்தேன், வெறும் ஆட்டு ஆட்டிப் பாத்தேன், அதுக்கு ஒண்ணும் வரல. வீட்ல என்னைய ஒரு மாதிரி பாக்கறாங்க, பல்லு வெளக்கறத பூவுக்கு வெளக்கிட்டு இருக்கேன்னு.

காட்டுக்காரன்:
😂 பிரஷ்ஷ கழுவிட்டு வாயில வைங்க.

ரெண்டுசென்ட்:
மக்களே, ரொம்ப நாள் கழிச்சு வர்றேன், மழை முடிஞ்சு இப்ப கார்த்திகை கடைசி. காட்டுக்காரன் அண்ணன் சொன்ன மாதிரி தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா நிறுத்திட்டேன், நடுவுல ஒரு செடி மொத்தமா எலைய உதுத்துருச்சு, போச்சுன்னு நெனச்சேன், மழைக்கு அடில இருந்து தழைச்சுருச்சு. இன்னொண்ணு நெஜமாவே செத்துப்போச்சு, பிடுங்குனா வேரு அந்த கவரு அளவுலயே பந்து மாதிரி சுருண்டு இருந்துச்சு, ஒரு விரக்கடை கூட கீழ எறங்கல. அந்த எடத்துல வெத போட்டேன், ஏழு போட்டதுல அஞ்சு மொளைச்சு இப்ப ஒரு சாண். கிலுகிலுப்பையும் தும்பையும் பூ எடுத்துருச்சு. தும்பைல அடுக்குத்தேனீ, பக்கத்து வீட்டு துளசிக்கு இப்ப போட்டி.

போன வாரம் ஏழு மணி இருக்கும், பல்லு வெளக்கிட்டே நிக்கறேன் (வாயத்தான்), ங்ங்னு ஒரு சத்தம். திரும்பிப் பாத்தா ஆவாரைல கருவண்டு. பூவோட சேந்து கொப்பே தொங்கிப்போச்சு அது கனத்துக்கு. வயிறு பூரா மஞ்சள். ஒரு பூவுல ரெண்டு தடவ அதிர விடுது, அடுத்ததுக்கு போகுது. அதுல இருந்து தெனம் வருது. பச்சைப்புழு அக்கா, எலைலயும் ஓட்டை விழ ஆரம்பிச்சிருச்சு, கைய கட்டிட்டு நிக்கறேன். காயும் கொத்துக் கொத்தா எறங்குது.

ஒரே ஒரு பிரச்சன. துணி காயப்போடற மூங்கில் கழில விரல் போற அளவுக்கு வட்டமா ஒரு துளை, கீழ மரத்தூளு. கழிய தூக்கிப் போடுன்னு வீட்ல சொல்றாங்க. நான் துணிக்கு வேற கழி கட்டிட்டு அத ஆவாரை பக்கத்துல நட்டு வச்சிட்டேன், சரிதானே?

வண்டுபாத்தவன்:
நட்டு வைக்காதீங்க, நிக்க வச்சா துளை வழியா மழைத்தண்ணி எறங்கி உள்ள தேங்கும். கூரை நெழல்ல படுக்க வாட்டத்துல கட்டுங்க, துளை கீழ்ப்பக்கமா இருக்கட்டும். இருட்டுனதும் மாத்துங்க, உள்ள வந்து அடைஞ்சிருக்கும். ரொம்ப தூரம் கொண்டு போகாதீங்க, காலைல வெளிய போனா திரும்பி வர எடம் தெரியாம சுத்தும்.